பீசுவுக்கு ஒரு மணி நேரப் புல்

விடியற்காலையில் என் வீட்டுக் கதவை யாரோ மூன்று முறை தட்டுவார்கள். பிறகு ஓர் இருமல். பிறகு, "முசே, சாவி" என்று ஒரு குரல். புதுச்சேரிப் பேச்சில் 'ஐயா'தான் 'முசே'.

நான் எழுந்திருக்க மாட்டேன். மறுபடியும் மூன்று தட்டு, மறுபடியும் இருமல். போர்வைக்குள்ளிருந்தே என் மனைவி சொல்வாள்:

"உங்க குதிரைக்காரர் வந்துட்டார்."

'உங்க' என்ற சொல்லில் ஓர் அழுத்தம் இருக்கும். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது நான்கு மாதம்.

இந்தத் தொடரில் இதுவரை எழுதியவற்றில் என்னை நான் கொஞ்சம் நல்லவனாகவே காட்டிக்கொண்டு வருகிறேன் என்று விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருந்தார். அவர் சொன்னது சரி. இந்த வாரம் அவருக்காக எழுதுகிறேன்.

சாவி என்னிடம் வந்த விதம்

புதுச்சேரியில் கொடி மாறி ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ ஆகியிருந்தது. பிரெஞ்சில் இருந்த காகிதங்களையெல்லாம் ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலை எனக்கு. காலையிலிருந்து மாலைவரை பிறப்பு, இறப்பு, பாகப்பிரிவினை, கிணற்றுத் தகராறு. இரண்டு ஐரோப்பிய மொழிகள் தெரியும் என்ற கர்வத்தில் தலை நிமிர்ந்து நடந்த காலம் அது.

வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பிரெஞ்சு டாக்டர் இருந்தார். அவர் கப்பலேறும்போது, வீடு விற்கும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் சாவிகளைக் கொடுத்தார். நிலைக்கண்ணாடி, நாற்காலி, பீங்கான் என்று பொருள்கள் ஒவ்வொன்றையும் எழுதிய பட்டியலில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

அவரிடம் ஒரு மட்டக்குதிரை இருந்தது. வெள்ளை நிறம், தொப்பை வயிறு, நெற்றியில் பெண்பிள்ளைபோல முடி. டாக்டர் அதை 'பிஜூ' என்று கூப்பிடுவார். ஊர் வாயில் அது 'பீசு' ஆயிற்று. அதையும் வண்டியையும் தன் வண்டிக்காரன் ஏழுமலைக்கே கொடுத்துவிட்டுப் போனார். ஏழுமலை பக்கத்துச் சாரம் கிராமத்துக்காரன். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவனாக இருப்பான். இனிமேல் பீசுவை ஜட்காவில் பூட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். வீடு விற்கும்வரை பீசு பழைய லாயத்திலேயே இருக்கலாம், தோட்டத்துப் புல்லையும் மேயலாம். இதுதான் ஏற்பாடு.

லாயத்துக்குச் சந்துப் பக்கம் ஒரு கதவு உண்டு. அது ஏழுமலை பொறுப்பு. லாயத்திலிருந்து தோட்டத்துக்குப் போக இன்னொரு கதவு. அதன் சாவி என்னிடம்.

"அந்த ஒரு சாவியை அவர்கிட்ட குடுத்துத் தொலையுங்களேன்" என்று என் மனைவி எத்தனையோ முறை சொன்னாள்.

தோட்டத்திலிருந்து வீட்டுத் தாழ்வாரத்துக்கு ஏறிவிடலாம், பொருள்களுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பேன். உண்மை வேறு. ஜட்காக்காரன் கையில் பெரிய வீட்டுச் சாவியா என்று நினைத்தேன். தினமும் ஒருவன் என் வாசலில் வந்து கேட்டு நிற்பதும் எனக்குப் பிடித்திருந்தது. திட்டிக்கொண்டே அதை அனுபவித்தேன்.

புல்லின் நடுவே பட்டினி

சாவியை எடுத்தால் மட்டும் போதாது. நானும் கூடப் போய்க் கதவைத் திறந்து, ஒரு மணி நேரம் காத்திருந்து, குதிரையை வெளியேற்றிப் பூட்டிக்கொண்டு வர வேண்டும். என் பிடிவாதத்துக்கு நானே கட்டிய அபராதம் அது.

அந்த ஒரு மணி நேரம் ஏழுமலை செய்யும் கூத்து எனக்கு எரிச்சலை மூட்டும்.

தோட்டம் முழுக்க முளை அடித்துக் கயிறு கட்டி, ஏழெட்டுத் துண்டாகப் பிரித்திருந்தான். ஒரு துண்டில் மூன்று நாள் மேய்ச்சல். பிறகு அந்தத் துண்டைத் தொடவே கூடாது, புல் திரும்பி எழும்பும்வரை. கயிற்றை அவிழ்ப்பான், கட்டுவான், அடி வைத்து அளப்பான். சர்வேக்காரன் தோற்றான்.

மழைக்காலம் வந்ததும் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தேங்காய்நாரில் அவனே பின்னிய ஒரு வாய்க்கூடை. அடியில் எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதை பீசுவின் மூஞ்சியில் மாட்டி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுவிடுவான். ஓட்டை வழியாக எத்தனை நுனி உள்ளே வருகிறதோ அவ்வளவுதான் பீசுவுக்கு. முழங்கால் உயரப் பச்சையில் நின்றுகொண்டு அது கூடையைத் தரையில் மோதி மோதிப் பார்க்கும். பெருமூச்சு விடும். என்னைத் திரும்பிப் பார்க்கும்.

"ஏம்பா, பந்தியில உக்கார வச்சு வாயைக் கட்டுற மாதிரி இருக்குதே" என்றேன் ஒரு நாள்.

"அப்படித்தான் முசே. இது காய்ஞ்ச காட்டுல பொறந்த ஜாதி. கருகின புல்லைச் சுரண்டி நாளெல்லாம் நடந்து திங்கணும். பச்சையைக் கண்டா நிறுத்தத் தெரியாது. தின்னு தின்னு சூடெல்லாம் குளம்புக்கு எறங்கிடும்."

"வயித்துல திங்கறது குளம்புக்கு எப்படிய்யா போவும்?"

"அது எனக்கு இன்னா தெரியும்? போன தபா போச்சு. தொக்தேர் பத்து நாள் தூங்கல."

டாக்டரை அவன் பிரெஞ்சிலேயே 'தொக்தேர்' என்பான். வயிற்றுக்கும் குளம்புக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வண்டிக்காரனால் சொல்ல முடியவில்லை, ஆகவே சம்பந்தம் இல்லை என்று நான் முடிவு கட்டினேன். படிப்பு எனக்குக் கொடுத்த தர்க்கம் அது.

சுவருக்கு மேலே வந்த ரொட்டி

சந்துக்கு அந்தப் பக்கம், மாடி வீட்டில் பிலோமின் அம்மாள் இருந்தார். கணவர் சைகோனில் சேவகம் செய்து ஓய்வு பெற்று இறந்தவர். அம்மாளுக்குப் பிள்ளைகள் இல்லை. பீசு இருந்தது.

ஏழுமலை கண் மறைந்ததும், முந்தின நாள் ரொட்டியைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்துச் சுவருக்கு மேலே எறிவார்.

"மதாம், ரொட்டி போடாதீங்கன்னு எத்தினி தபா சொல்றது?"

"நீ போடாததாலதான்டா நான் போடுறேன். வாயில்லா சீவனுக்கு வாயைக் கட்டுறியே, நீ வெளங்குவியா?"

"அதுக்கு வாயி இருக்கறதுதான் மதாம் பிரச்சினை."

"பேசுவ, பேசுவ. தொக்தேர் இருந்தப்ப எப்படி இருந்துது! இப்ப பாரு, எலும்புக்கூடு."

பீசுவின் வயிறு அப்போதும் பானை மாதிரிதான் இருந்தது. ஏழுமலை அதன் விலாவில் கை வைத்து அழுத்தி, "எலும்பு எங்க இருக்குதுன்னு நீங்களே எறங்கி வந்து தேடுங்க மதாம்" என்றான். நான் சிரித்தேன். அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"சிரிங்க முசே. படிச்ச மனுசன், சாவி உங்க கையில. நீங்களே இதைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க."

அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது. குதிரை மீது எனக்குப் பெரிய இரக்கம் ஒன்றும் பிறந்துவிடவில்லை. இரக்கமில்லாதவன் என்று ஒரு மாடி வீட்டுக்காரர் என்னை நினைப்பதுதான் பொறுக்கவில்லை.

மூன்று நாள்

தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துப் புல் ஒரு வாரத்தில் ஒரு சாண் எழும்பியது. கருநீலம் கலந்த பச்சை, கிள்ளினால் சாறு விரலில் ஒட்டும்.

ஒரு நாள் காலை, தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு ஏழுமலை வந்து நின்றான். காலாப்பட்டில் அவன் மாமனார் இறந்துவிட்டார். வண்டியின் சக்கரம் தச்சரிடம் இருந்தது. பஸ்ஸில்தான் போக வேண்டும்.

"மூணு நாள் முசே. காலையில ஒரே மணி நேரம், கூடையைக் கட்டி, கயித்துக்கு அந்தாண்ட விடாதீங்க. மத்த நேரம் லாயத்துல வைக்கோல். அழுது காட்டும், நம்பாதீங்க. வண்டி இல்லாம சும்மா வேற நிக்குது, அதனால அரை மணி போதும்னாக்கூட சரிதான்."

"சரிப்பா, போ. எனக்குத் தெரியாதா?"

"கூடை ஆணியில மாட்டியிருக்குது முசே."

"போப்பா."

போனான். சந்துமுனையிலிருந்து திரும்பி வந்து, "பச்சை மட்டும் வேணாம் முசே" என்று மறுபடியும் சொன்னான். எரிந்து விழுந்தேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு யாரும் கதவைத் தட்டவில்லை. மழைச் சத்தத்தில் அருமையான தூக்கம். ஏழரைக்குத்தான் போனேன். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. பீசு பசியில் கதவை உதைத்துக்கொண்டிருந்தது. ஆணியில் இருந்த கூடையைப் பார்த்தேன். மழையில் நின்று, தலையை ஆட்டுகிற குதிரைக்கு முடிச்சுப் போட்டு, ஒரு மணி நேரம் குடை பிடித்துக் காவல் காக்க வேண்டும்.

மாடி ஜன்னல் திறந்தது.

"அப்பாடா, அவன் இல்லையா? நீங்களாவது அதை வயிறாரத் திங்க விடுங்க முசே. புண்ணியமாப் போவும்."

தோட்டத்துக் கதவைத் திறந்தேன். கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன். பீசு ஒரு கணம் நம்பாமல் நின்றது. பிறகு தலையைக் குனிந்தது. புல் பிய்யும் சத்தம், நனைந்த துணியைக் கிழிப்பதுபோல, கேட்டது. கதவைத் திறந்தே வைத்துவிட்டு, சந்துக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். மேய வேண்டுமென்றால் மேயட்டும், நனைந்தால் லாயத்துக்குள் வரட்டும். எவ்வளவு எளிமை! இதற்கா தினமும் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள், "அவர் ஒரு மணி நேரம்னுதானே சொன்னார்?" என்றாள்.

அடுத்த நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் போனேன். பீசு தோட்டத்து நடுவே மழையில் நின்றது. முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பின்னால் ஒரு சுவர் இருப்பதுபோலச் சாய்ந்து நின்றது. கூப்பிட்டேன், வரவில்லை. பிடரியைப் பிடித்து இழுத்தேன். சித்திரை வெயிலில் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடப்பவனைப்போல ஒவ்வோர் அடியாக வைத்தது. லாயத்துக்கு இருபது அடி. கால் மணி நேரம் ஆயிற்று.

குனிந்து குளம்பைத் தொட்டேன். அந்த மழையிலும் சுட்டது.

அதன் பிறகு நான் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குப் போய், சுருட்டி வைத்த கயிறுகளையெல்லாம் பழையபடி முளைகளில் கட்டினேன். இருட்டுவதற்குள் எல்லாத் துண்டுகளும் முன்போலவே இருந்தன. மேய்ந்த தடத்தை மழை மறைத்துவிடும் என்று நினைத்தேன். கதவைப் பூட்டினேன்.

"கூடை கட்டினீங்களா?"

மறுநாள் காலை ஏழுமலை என் வீட்டுக்கு வரவில்லை, நேரே லாயத்துக்குப் போய்விட்டான். நானே சாவியோடு போனேன். ஆண்பிள்ளை இல்லாத மாமனாருக்குக் கொள்ளி வைத்து மொட்டையடித்த தலையோடு பீசுவின் காலடியில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா முசே ஆச்சு?"

"தெரியலப்பா. நீ சொன்ன மாதிரிதான் செஞ்சேன்."

"ஒரு மணி நேரம்தானே?"

"ஒரு மணி நேரம்தான்."

"கூடை கட்டினீங்களா?"

"கட்டினேன்."

"மூணு நாளும்?"

"மூணு நாளும்."

எழுந்தான். ஆணியில் இருந்த கூடையைக் கையில் எடுத்தான், விரலால் தடவினான், மறுபடியும் மாட்டினான். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவன் வேறொன்றும் கேட்கவில்லை.

"லாடம் சரியா அடிக்கலையோ?" என்றேன். ஜட்கா நிற்குமிடத்தில் லாடம் அடிக்கும் காதர் பாய் பத்து நாள் முன்புதான் பீசுவுக்கு லாடம் மாற்றியிருந்தார். அந்த வார்த்தை எனக்கு அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. விசாரித்தவர்களிடமும் அதையே சொன்னேன்.

பிலோமின் அம்மாளுக்கு எல்லாம் தெரியும். ஜன்னலை மூடிக்கொண்டார். அதன் பிறகு ரொட்டியும் வரவில்லை.

கடலில் நின்ற குதிரை

குளம்புச் சூட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் மருந்து என்று, ஏழுமலை பீசுவைக் கடலுக்குக் கொண்டுபோனான். இரண்டு தெரு கடக்க ஒரு காலைப் பொழுது ஆயிற்று. பிறகு தினமும், முழங்கால் ஆழத்தில், அலை வந்து வந்து போக, குதிரையும் அவனும் நிற்பார்கள். அலுவலகம் போகும் வழியில் பார்ப்பேன். திரும்பி வரும்போதும் நிற்பார்கள்.

மீன்கூடையோடு போகிற பெண்கள் கேலி செய்வார்கள்.

"இன்னாண்ணே, குதிரைக்கு நீச்சல் கத்துக் குடுக்கறியா?"

"இல்லம்மா, வலை இழுக்க வுடப் போறேன்."

"அப்ப எங்க வூட்டுக்காரரை உன் வண்டியில பூட்டிக்கோ!"

அவனும் சிரிப்பான். உப்புத் தண்ணீரில் அவன் கால் வெளுத்து, விரலிடுக்கில் பிளந்திருந்தது.

குதிரை பிழைத்தது. ஆனால் குளம்பு வளையம் வளையமாகக் கோணி வளர்ந்தது. பாரம் இழுக்க இனி முடியாது. வண்டி பிறர் கைக்குப் போயிற்று. ஏழுமலை சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கத் தொடங்கினான். குதிரை இழுத்த பாரத்தை அவன் இழுத்தான். இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

காதர் பாயைப் பற்றி ஜட்காக்காரர்கள் மத்தியில் பேச்சு எழுந்தது. சிலர் அவரிடம் லாடம் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். "முசே சொன்னாராமே" என்று என் பெயரும் அதில் அடிபட்டது. ஏழுமலை மட்டும் அவரிடம் ஒரு நாளும் சண்டைக்குப் போகவில்லை. வழியில் கண்டால் நின்று பேசுவான். அதை அவனுடைய நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

பீசு இன்னும் இரண்டு மழைக்காலம் லாயத்தில் வைக்கோல் தின்றுகொண்டு நின்றது. ஒரு மார்கழியில் செத்தது. தோட்டத்து மூலையில் புதைத்தோம். அன்றைக்கு மட்டும் அவன் கேட்காமலே சாவியைக் கொண்டுபோனேன்.

டாக்டர் எழுதியது

பீசு போன பிறகு, பொருள் பட்டியலைச் சரிபார்க்க டாக்டரின் காகிதங்களைப் பிரித்தேன். பட்டியலின் பின்பக்கம் குதிரையைப் பற்றி ஐந்தாறு வரி. வாங்கிய அன்றே பார்த்ததுதான். அன்றைக்கு மேலோட்டமாகக் கண்ணை ஓட்டிவிட்டு, "நல்லா பாத்துக்கச் சொல்லியிருக்கார்" என்று ஏழுமலையிடம் சொல்லியிருந்தேன். ஊரார் காகிதங்களையெல்லாம் எழுத்துக்கு எழுத்துப் பெயர்ப்பவன், இதை மட்டும் அந்த ஒரு வரியாகப் பெயர்த்தேன்.

அதில் இருந்தது இவ்வளவுதான்: மழைக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் புல்லில் விட வேண்டாம். வாய்க்கூடை அவசியம். ஏழுமலைக்கு இது தெரியும். சந்தேகம் வந்தால் அவனைக் கேளுங்கள்.

காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

வீடு விற்ற நாள்

கடைசியில், புதுச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்த வருடத்தில், வீடு விலை போயிற்று. சாவிகளை ஒப்படைக்கப் போக வேண்டும். தெருமுனையில் ரிக்‌ஷாவோடு ஏழுமலைதான் நின்றான். இப்போது 'முசே' போய் 'சார்' வந்திருந்தது.

"ஏறுங்க சார். அந்த வூட்டுக்குத்தானே?"

ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன். லாயத்துக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆணி காலியாக இருந்தது. ஏழுமலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் கையில் சாவி இல்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு வாய் வந்தது.

"ஏழுமலை, அன்னிக்கு நான் கூடையைக் கட்டல."

அவன் திரும்பக்கூட இல்லை.

"தெரியும் சார்."

"மதாம் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. மூணு நாள் மழை. கூடை நனையவே இல்ல."

அன்று அவன் விரல் அந்த நாரைத் தடவியது நினைவுக்கு வந்தது.

"ஏன் கேக்கல?"

"கேட்டுட்டு? பீசு நின்ன லாயம் உங்க பொறுப்புல இருந்த வூட்டுல. சாவி உங்ககிட்ட. உங்களைப் பகைச்சிக்கிட்டு நொண்டிக் குதிரைய எங்க கொண்டு போயி கட்டறது சார்?"

டாக்டரின் காகிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்றுதான் எடுத்து வந்திருந்தேன். எடுக்கவில்லை. அவனுக்குத் தெரிந்ததை அவனுக்கே பெயர்த்துச் சொல்வதில் என்ன இருக்கிறது?

"நான் நடந்தே போறேன்ப்பா" என்றேன்.

அவன் வானத்தைப் பார்த்தான். இருக்கையைத் துண்டால் துடைத்தான்.

"மழை வருது சார். ஏறுங்க."

ஏறி உட்கார்ந்தேன்.